எண்ணிக்கை மட்டும் பொறித்த கற்கள்: வட ஆற்காடு, சித்தூர் எல்லையில் போருக்குப் போனவர்களின் பெயரைத் தேடுவதும் நினைவுக்கல்லைக் காப்பதும்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. போர் முடிந்த பிறகு சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் இதே வாசகத்தை வைத்து, எண்ணை மட்டும் மாற்றிப் பலகைகள் பதித்தார்கள். சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூட வாசலிலோ பதித்த பலகைகள் சில இன்று சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கிடக்கின்றன. எத்தனை பேர் என்பது தெரிகிறது. யார் யார் என்பது தெரியவில்லை.

இந்தக் கட்டுரை பேசுவது அந்தப் பெயர்களைப் பற்றித்தான். பட்டாளத்துக்குப் போன தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் மரியாதை செய்ய வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் முதலில் சிலைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் பணம் சேர்க்கின்றன. அவருடைய படை எண், பிரிவு, இறந்த நாள், இறந்த இடம் நான்கும் கைக்கு வராமல் கல் வைத்தால் அந்தக் கல்லிலும் தவறுதான் ஏறும். கல்லில் ஏறிய தவறை எளிதில் இறக்க முடியாது.

பெயர் ஏன் விடுபட்டது

ஊர்ப் பலகைகளில் மட்டும் நடந்த குறையல்ல இது. போரில் இறந்தவர்களின் கல்லறைகளையும் சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917 மே 21இல் தொடங்கப்பட்டபோது, பதவி, இனம், மதம் பார்க்காமல் இறந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைப்பது என்பதுதான் அதன் கொள்கை. பிரான்சில் நவ் ஷபேலில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவுச் சின்னத்தில் அந்தக் கொள்கை காப்பாற்றப்பட்டது. அங்கே 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள், கூலிப்படையினர் (படையோடு போன தொழிலாளர் பிரிவினர்) பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஈராக்கின் பஸ்ராவில் நடந்தது வேறு. 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கான அந்தச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் பெயர் உண்டு, இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் பெயரும் தலையெண்ணிக்கையும் மட்டுமே. மெசபடோமியா என்ற அந்த ஈராக்கில்தான் சென்னைப் படைகளும் கூலிப்படைகளும் பெருமளவில் இறங்கின என்பதை நினைத்தால், நம் பக்கத்து வீடுகளில் பலவற்றுக்கு நேர்ந்த இழப்பு இது.

2021 ஏப்ரலில் ஆணையமே ஓர் அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரில்லாமலோ எந்த நினைவுமே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்றும் அது சொல்கிறது. பெரும்பாலும் இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். அதனால் ஆணையத்தின் பட்டியலில் உங்கள் தாத்தா பெயர் வரவில்லை என்றால், அவர் போகவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இந்தப் பக்கத்து ஆட்கள் எந்தப் படைக்குப் போனார்கள்

வட ஆற்காடு பழைய பட்டாளத்து மண். வேலூருக்குத் தெற்கே உள்ள கம்மவான்பேட்டையை இன்றும் ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். முதல் உலகப் போரில் இந்தப் பக்கத்து ஆட்களைத் தேட வேண்டிய இடங்கள் மூன்று: கர்நாடிக் என்று பெயர் தாங்கிய சென்னைக் காலாட்படைகள், சாலையும் அகழியும் வெட்டிய பயனியர் படைகள், பாலம் கட்டி வெடி வைத்த மெட்ராஸ் சாப்பர்ஸ். இவற்றோடு கூலிப்படை, சமையல், கோவேறு கழுதை வண்டி, டோலி தூக்குவது என்று 'ஃபாலோயர்' கணக்கில் போனவர்கள் தனி.

போருக்குப் பின் சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. பயனியர்கள் 1933இல் கலைக்கப்பட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1940களில்தான் மறுபடி எழுந்தது. தேடுபவர்கள் சறுக்கும் இடம் இது. 1917இல் கர்நாடிக் இன்ஃபன்ட்ரியில் இருந்தவருக்காக மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஆவணங்களை வைத்திருக்கும் இன்றைய வெலிங்டன் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பதில் பலன் குறைவு. சாப்பர்ஸ் மட்டும் தொடர்ச்சி அறுபடாமல் இன்று பெங்களூரு எம்.இ.ஜி.யாக (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) இருக்கிறது. அவர்களைப் படையில் இன்னமும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஃபாலோயர்களைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். "அவர் சண்டை போடல, சமையல்காரராத்தான் போனாரு" என்று குடும்பமே தணிந்த குரலில் சொல்வதுண்டு. ஆணையத்தின் விதிப்படி அவரும் போரில் இறந்தவர்தான். பணியில் இருக்கும்போது காலராவிலோ மலேரியாவிலோ போனாலும், வண்டி கவிழ்ந்து போனாலும் கணக்கில் வருவார். குண்டு பட்டுத்தான் சாக வேண்டும் என்பதில்லை. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் ஆணையம் எடுத்துக்கொள்கிறது. சண்டை நின்ற பிறகு திரும்பி வரும் வழியில் கப்பலில் இறந்தவர் இதனால்தான் பட்டியலில் இருப்பார்.

வீட்டில் இருக்கும் சாட்சி

அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. மெடல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதல் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளி, 36 மில்லிமீட்டர் குறுக்களவு. ஃபாலோயர்களுக்கும் கூலிப்படைக்கும் அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். அதனால் வெண்கல மெடல் என்றால் போலி என்று தள்ளிவிடாதீர்கள். விக்டரி மெடல் வெண்கலமாகவே வந்தது. இரண்டிலும் முகப்பைப் பார்த்துப் பயனில்லை. விளிம்பைப் பாருங்கள். படை எண், பதவி, பெயர், பிரிவு நான்கும் சிறிய எழுத்தில் அங்கே அழுத்தப்பட்டிருக்கும். இரண்டாம் போரின் பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் போன்றவை பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயரில்லாமல் வந்தன. இந்தியப் படைக்குக் கொடுத்தவற்றில் பின்புறம் பெயர் பொறித்தார்கள்.

பிராசோ போட்டு மெடலைப் பளபளவென்று தேய்க்கும் பழக்கம் இந்த வீடுகளில் அதிகம். ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் ஒரு படலம் போகிறது, முதலில் மழுங்குவது விளிம்பெழுத்து. சாம்பலும் புளியும் அதைவிடக் கெடுதல். உலர்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டி, ஒவ்வொன்றையும் அமிலமில்லாத காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி வைத்தால் போதும். வெயில் பட்டால் ரிப்பன் சாயம் போகும். பழைய ரிப்பனை எறிந்துவிட்டுப் புதிது மாட்டாதீர்கள், ரிப்பனின் நிறவரிசையே எந்தப் போர் என்று காட்டும் சாட்சி.

முதல் போரில் இறந்தவர் வீட்டுக்கு வெண்கலத் தகடு ஒன்று வந்திருக்கும். வட்டமானது, 12 சென்டிமீட்டர் குறுக்களவு, பிரிட்டனைக் குறிக்கும் பெண்ணுருவமான பிரிட்டானியாவும் சிங்கமும் இருக்கும். பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும், பதவி இருக்காது. சாவில் எல்லோரும் சமம் என்று வேண்டுமென்றே பதவியை விட்டார்கள். பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட்டுவிடும் ஆபத்து இந்தத் தகட்டுக்கு அதிகம்.

அடுத்தது டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ என்கிற பென்ஷன் ஆணை, கருவூலத்தில் கைம்பெண் பென்ஷன் வாங்கிய சீட்டுகள், தந்தி, போஸ்ட் கார்டு. போஸ்ட் கார்டில் ஊர்ப் பெயர் இருக்காது, தணிக்கை அனுமதிக்காது. பிரிவின் பெயரும் படை எண்ணும் இருக்கும். நமக்கு அதுதான் வேண்டும்.

மாவட்டம் மாறிய கதை

எல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. படைப் பதிவேட்டில் இருப்பது, சேர்ந்த அன்றைய மாவட்டம். இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார்.

1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரே சித்தூர்தான். அந்த ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாகி, வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரானது. அதற்கு முன் பட்டாளத்தில் சேர்ந்த சித்தூர், பலமநேர் ஆட்கள் வட ஆற்காடு என்று பதிவாகியிருப்பார்கள். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டம். இரண்டாம் போருக்குப் போன திருத்தணிக்காரரின் பெயரைத் திருவள்ளூர் என்று தேடினால் வராது, அந்த மாவட்டம் பிறந்ததே 1997இல். மறுபுறம், அதே எல்லை மாற்றத்தில் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் செங்கல்பட்டிலிருந்து ஆந்திராவுக்குப் போயின. 1962 சீனப் போர்க் காலத்து ஆவணத்தில்கூட ஊர் ஒரு மாநிலம், சேர்க்கைப் பதிவு இன்னொரு மாநிலம் என்று இருக்க இது காரணம். ஓசூர்ப் பக்கம் சேலம், பிறகு 1965 முதல் தர்மபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு எல்லாம் வட ஆற்காடு.

பெயரின் எழுத்துக் கூட்டல் அடுத்த தடை. சேர்க்கை எழுதிய ஹவில்தார் காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி என்பது முனிசாமி, முனுஸ்வாமி, மூனசாமி என்று எப்படியும் இருக்கலாம். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பமென்றால் முனுசுவாமி நாயுடு என்று சாதிப் பெயரோடு முடிந்திருக்கும், அல்லது சாதிப் பெயரே பெயராகப் பதிந்திருக்கும். ஆணையத்தின் இணையப் பட்டியலில் முழுப் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட, பெயரின் முதல் நாலைந்து எழுத்து, நாடு இந்தியா, படைப்பிரிவு என்று வடிகட்டுவது பலன் தரும். கூடுதல் தகவல் பகுதியில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், வட ஆற்காடு என்று இருக்கும். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால் மட்டுமே நம் ஆள் என்று கொள்ள வேண்டும். பெயர் மட்டும் ஒத்துப்போவது ஒன்றுமே இல்லை. ஒரே கம்பெனியில் நான்கு சின்னசாமிகள் இருந்த படை அது.

இந்து வீரர்களைத் தேடுபவர்கள் கல்லறையைத் தேடி ஏமாறுவார்கள். உடலை எரித்தார்கள், அதனால் கல்லறை இருக்காது. பெயர் தகன நினைவுச் சின்னத்தில் இருக்கும். கோஹிமாவில் அப்படி 917 பேர். செங்கல்பட்டு மாவட்டத்து கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன், 1944 ஜூன் 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்றவர். அவருக்கும் அங்கே தனிக் கல்லறை கிடையாது, சாங்ரோ நதித் தகன நினைவுச் சின்னத்தில்தான் பெயர். உடலே கிடைக்காதவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள்: பர்மாவில் காணாமல் போனவர்கள் ரங்கூன் நினைவுச் சின்னத்தின் ஏறத்தாழ 27,000 பெயர்களில், மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம் போனவர்கள் கிராஞ்சியின் 24,000 பெயர்களில். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் இரண்டாம் போரின் 850க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. பின்புறச் சின்னத்தில், முதல் போர்க் காலத்தில் இறந்து இந்தியாவின் பல கல்லறைத் தோட்டங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. வேலூரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடம்.

சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்களுக்கு ஆணையத்தில் வேலையில்லை. 2019 பிப்ரவரி 25இல் திறக்கப்பட்ட டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் தியாகச் சக்கரத்தில் 25,942 பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டன. 1962, 1965, 1971, இலங்கை, கார்கில் என்று அவரவர் பதவி, பெயர், பிரிவோடு அங்கே இருக்கிறார்கள். பெயரை இணையத்திலும் தேடலாம். அங்கே மாலை வேளையில் உறவினர் மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி உண்டு. அதற்கு ரெக்கார்ட்ஸ் அலுவலகம் வழியாகவோ மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவோ ஏற்பாடு செய்துகொண்டு போவதே முறை.

ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதும்போது

எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து முகவரி மாறும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், சாப்பர்ஸுக்கும் வழங்கல், போக்குவரத்துப் படையான ஏ.எஸ்.சி.யின் தெற்குப் பிரிவுக்கும் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பழுதுபார்க்கும் பொறியியல் படையான இ.எம்.இ.க்கும் ஆயுதக் கிடங்குப் படையான ஆர்ட்னன்ஸுக்கும் செகந்திராபாத், மருத்துவப் படைக்கு லக்னோ, பாதுகாப்புக் காவல் படையான டி.எஸ்.சி.க்கு கண்ணூர்.

கடிதத்தில் 'என் தாத்தாவின் சர்வீஸ் விவரம் வேண்டும்' என்று எழுதினால், ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று இரண்டு வரியில் பதில் வரும். அந்தப் பதில் பொய்யில்லை. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவரின் ஷீட் ரோல் (தனி ஆளின் சேவைப் பதிவு) 25 ஆண்டு வைத்திருந்து அழிக்கப்படும். பென்ஷன் வாங்கியவருடையது அதைவிட நீண்ட காலம் இருக்கும். ஆனால் 'லாங் ரோல்' என்கிற நீளப் பதிவேடு அழிக்கப்படுவதில்லை. எண், பதவி, பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்று ஒரு வரியாவது அதில் நிற்கும். எனவே 'லாங் ரோல் பதிவின் நகல்' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். படை எண், பெயரின் எல்லாக் கூட்டல்களும், தகப்பனார் பெயர், அன்றைய ஊர், தாலுகா, மாவட்டம், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டும் சான்று ஆகியவற்றை முதல் கடிதத்திலேயே இணையுங்கள். மெடல் விளிம்பின் புகைப்படம் இருந்தால் அதையும். இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

பஞ்சாபில் ஊர்வாரியாகப் போருக்குப் போனவர்களின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்து வெளிவந்தன. நம் ஊர்ப் பலகைக்கும் அப்படி ஒன்று வரும் என்று காத்திருக்க வேண்டாம். 277 பேரின் பெயர்கள் ஒரே தாளில் கிடைக்காது, ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலிருந்தும் ஒவ்வொன்றாகத்தான் வரும். பட்டாளத்து வீடுகள் உள்ள தெருக்களில் ஒரே படிவத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டுத் தொகுப்பது ஒரு பள்ளியின் என்.சி.சி. பிரிவால் ஒரு விடுமுறையில் முடிகிற வேலை. படிவத்தில் 'ஆதாரம்' என்று ஒரு கட்டம் கண்டிப்பாக வேண்டும்: மெடல், கடிதம், வாய்மொழி. வாய்மொழியாக வந்த பெயரை உடனே கல்லில் ஏற்றக்கூடாது, தனிப் பட்டியலில் வைக்க வேண்டும்.

கல்லைக் கெடுப்பது நம் பக்திதான்

நினைவுக்கல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. செங்கம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட நடுகற்கள் வயலில் நிற்கின்றன. பலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கல்லைத் தேர்ந்து காண்பது, எடுத்துவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று ஆறு படிகளை நம் பழைய இலக்கணம் சொல்கிறது. நடுகல்லுக்கு எண்ணெய் பூசினாலும் மஞ்சள் தடவினாலும் பெரிய சேதம் வராமல் போவதற்குக் காரணம், அது பெரும்பாலும் கருங்கல்.

பளிங்குப் பலகைக்கு அதே பூசையைச் செய்தால் கல் செத்துவிடும். பளிங்கு சுண்ணாம்புக் கல் இனம், நுண்துளை உடையது. எண்ணெய் உள்ளே இறங்கி மஞ்சளாக நின்றுவிடும், வெளியே எடுக்க முடியாது. குங்குமச் சாயமும் அப்படித்தான். எலுமிச்சை, புளி, வினிகர், கழிப்பறை கழுவும் திரவம் எதுவாக இருந்தாலும் அமிலம், பளிங்கைக் கரைக்கும். ஒருமுறை அமிலம் ஊற்றிக் கழுவினால் கல் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை, மெருகேற்றிய மேற்பரப்பு கரைந்துபோனதன் அடையாளம். பிறகு அழுக்கு முன்பைவிட வேகமாகப் பிடிக்கும். ஆகஸ்ட் 15க்கு முதல் நாள் ஆசிட் ஊற்றித் தேய்ப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

சரியான முறை எளிது. முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கல்லை நனைக்க வேண்டும். மென்மையான நைலான் தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் உலர்ந்த கீழ்ப்பகுதியில் கோடு கோடாக ஊறிவிடும். பாசி இருந்தால் மரக்குச்சியால் சுரண்டலாம், கம்பித் தூரிகை கூடாது. இரும்புத் துகள் கல்லில் சிக்கித் துருக்கறையாகும். சோப்புத் தூள், பிளீச்சிங் பவுடர், அழுத்தத் தண்ணீர்க் குழாய் எதுவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

எழுத்தின் பள்ளத்தில் ஈயம் நிரப்பிய பலகைகள் உண்டு. ஈயம் உதிர்ந்த இடத்தில் எனாமல் பெயிண்ட் ஊற்றி எழுதுவதால் இரண்டு கேடு: பெயிண்ட் கல்லின் ஈரத்தை அடைத்து உரியும்போது ஓரத்தையும் பிய்க்கும், எழுத்து தெரியாத பெயிண்டர் 4ஐ 1 ஆக்கிவிடுவார். ஏற்கெனவே சுண்ணாம்பு பூசிய பலகையைச் சுரண்டாதீர்கள், ஒவ்வொரு அடுக்காக ஊறவைத்து எடுக்கும் வேலை அது, தெரிந்தவரிடம் விடவேண்டும். மழுங்கிய எழுத்தைப் படிக்க மாவு தடவுவதும் வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச்சைப் பலகையின் பக்கவாட்டில் கல்லோடு ஒட்டிப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும். அந்த நிலையில் நேராக நின்று படமெடுங்கள், பக்கத்தில் ஓர் அடிக்கோல் வையுங்கள்.

பலகையைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புக் கொக்கிதான் மறைந்திருக்கும் எதிரி. இரும்பு துருப்பிடிக்கும்போது பருத்துக் கல்லை உள்ளிருந்து பிளக்கும். மூலையில் விரிசலும் செம்பழுப்புக் கறையும் தெரிந்தால் கொக்கியை எடுத்து எவர்சில்வர் கொக்கி வைக்க வேண்டும். இடுக்கை சிமெண்டால் அடைக்கக் கூடாது, சிமெண்ட் பளிங்கைவிடக் கெட்டி, வெடிப்பு கல்லில்தான் விழும். சுண்ணாம்புச் சாந்தே சரி.

சாலை அகலப்படுத்தும்போதும் பழைய கட்டடத்தை இடிக்கும்போதும் பலகைகள் காணாமல் போகின்றன. வேலை தொடங்கும் முன்பே, படத்தோடு, இடக் குறியீட்டோடு, வட்டாட்சியருக்கும் ஊராட்சிக்கும் எழுதி ஒப்புகை வாங்கிவிட வேண்டும். நகல் ஒன்று முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாகவே போட்டுவிடலாம். ஆந்திரப் பக்கம் கிராமச் செயலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். தீர்மானம் இருக்கும் கல்லை ஜேசிபிக்காரர் ஓரமாக எடுத்து வைப்பார். இல்லாத கல் மண்ணோடு லாரியில் ஏறும்.

புதுக் கல் வைப்பதானால்

பழைய பலகையின் மேல் பெயர்களைச் செதுக்கக் கூடாது. அது தன் காலத்தின் ஆவணம், எண்ணிக்கை மட்டும் இருக்கும் குறையும் அந்த ஆவணத்தின் பகுதி. பக்கத்தில் தனிக் கல் நடுவதே முறை. கல்லுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை, கிருஷ்ணகிரியும் குப்பமும் கருங்கல்லுக்குப் பேர்போனவை. 6 அடி உயரம், 2 அடி அகலம், 4 அங்குலக் கனம் என்று எடுத்தால் எடை 300 கிலோ வரும், சங்கிலிக் கப்பி வேண்டும். 2 அடி மண்ணுக்குள் போகட்டும். எழுத்து உயரம் ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் நின்று படிக்க முடியாது. 3 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் வெட்டச் சொல்லுங்கள். மெருகேற்றிய பரப்பில் பெயிண்டால் மட்டும் எழுதிய பெயர் சில கோடைகளில் போய்விடும்.

பெயர்களை அகர வரிசையில் போடுங்கள், பதவி வரிசையில் வேண்டாம். எண், பெயர், தகப்பனார் பெயர், பிரிவு, இறந்த நாள், இடம். கீழே கால் பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள், பெயர்கள் இன்னும் வரும். நன்கொடையாளர், திறந்து வைத்தவர் பெயர்கள் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்தால் போதும். எம்.எல்.ஏ. பெயர் சிப்பாயின் பெயரைவிடப் பெரிதாக இருக்கும் கற்கள் நம் பக்கம் இருக்கின்றன. அது மரியாதை அல்ல, வேறு ஏதோ.

திறப்பு விழாவில் தேசியக் கொடியால் கல்லை மூடக் கூடாது. கொடிச் சட்டம் நேராகவே தடுக்கிறது. வெள்ளைத் துணியால் மூடி, கொடியைத் தனிக் கம்பத்தில் ஏற்றுங்கள். இறுதி ஊர்வலத்தில் உடல் மேல் போர்த்தி வந்து குடும்பத்திடம் ஒப்படைத்த கொடியில் பெயரோ தேதியோ எழுதவும் கூடாது. காவியையும் பச்சையையும் வெள்ளைப் பட்டைக்குக் கீழே மடித்து, சக்கரம் மேலே தெரியும்படி சுருக்கி, ஈரம் படாத பெட்டியில் வைப்பது முறை.

மலர்வளையத்தை இரு கையாலும் வைத்து, ஓர் அடி பின்வாங்கி, தலை தாழ்த்தி, இரண்டு நிமிடம் அசையாமல் நிற்பது போதும். சீருடையில் இல்லாதவர் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. இறந்தவரின் மெடலை மகனோ பேத்தியோ அணிந்து வருவதானால் வலப்பக்கம். இடப்பக்கம் மெடலைப் பெற்றவருக்கு மட்டுமே உரியது.

எந்த நாளில் என்பது குடும்பங்கள் கேட்கும் கடைசிக் கேள்வி. ஊராகக் கூடுவதற்கு முதல் உலகப் போர்க் கல் என்றால் அந்தப் போர் நின்ற நவம்பர் 11 காலை 11 மணி, 1971க்கு டிசம்பர் 16, கார்கிலுக்கு ஜூலை 26, எல்லோருக்கும் பொதுவாகக் கொடிநாளான டிசம்பர் 7. வீட்டில் திதி கொடுக்க, பதிவேட்டின் ஆங்கிலத் தேதியைப் பழைய பஞ்சாங்கத்தில் வைத்துத் திதி எடுக்கலாம். அதில் ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூர்ப் பக்கம் காணாமல் போனவர்களில் பலருக்கு 1942 பிப்ரவரி 15 என்று போட்டிருக்கும். அது சிங்கப்பூர் வீழ்ந்த நாள், அவர் இறந்த நாள் வேறாக இருக்கலாம். இப்படி நாள் உறுதியாகத் தெரியாதவர்களுக்குப் புரட்டாசி மகாளய அமாவாசையில் கொடுப்பது எல்லையின் இரு பக்கமும் உள்ள வழக்கம். கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அவர் பெயரையும் பூசைக் கருத்தில் சேர்க்கக் கொடுக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஃபாத்திஹா ஓதும்போது பட்டாளத்தில் போனவரின் பெயரைத் தகப்பனார் பெயரோடு சொல்லச் செய்யலாம். பதிவேட்டில் கண்டுபிடித்த கூட்டலையும் வீட்டில் கூப்பிட்ட பெயரையும் ஒரே தாளில் எழுதி, படை எண்ணோடு, மெடல் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பெட்டி அடுத்து யார் கைக்குப் போகிறதோ அவருக்கு அந்தத் தாள் வேண்டும்.